கணினியின் நினைவும் நம் கவனமும்

வங்கியிலும் மருத்துவமனையிலும் ரயில் நிலையத்திலும் இன்று கணினியின்றி வேலை நடப்பதில்லை. நம் வீட்டுக் கைத்தொலைபேசியும் ஒரு கணினியே. அது பாடலையும் படத்தையும் கடிதத்தையும் நினைவில் வைத்திருக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது வைத்திருப்பது எதை? அந்த நினைவைக் கையாள்வோர் எதில் விழிப்பாயிருக்க வேண்டும்? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

பைட் என்பது யாது?

கணினியின் நினைவகம் வரிசையாக எண்ணிட்ட சிறு அறைகளால் ஆனது. ஓர் அறையில் அடங்குவது ஒரு பைட். ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள் உள்ளன. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 ஆக இருக்கும். எட்டையும் மாற்றி மாற்றி அமைத்தால் 256 வகை கிடைக்கும். ஆகவே ஓர் அறையில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை வைக்கலாம். அதற்கு மேல் இடமில்லை.

ஓர் அறையில் 65 என்று இருப்பதாகக் கொள்வோம். அது ஒருவரின் வயதாக இருக்கலாம். ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பேரெழுத்தாக இருக்கலாம். ஒரு படத்தின் ஓரத்திலுள்ள சாம்பல் நிறப் புள்ளியாகவும் இருக்கலாம். எது என்பது நினைவகத்திற்குத் தெரியாது. பொருள் தருபவர் நிரல் எழுதுபவரே.

நம் எழுத்துக்கு எத்தனை அறை?

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்குப் போதாது. 1992-ஆம் ஆண்டில் கென் தாம்சன், ராப் பைக் என்னும் அறிஞர் இருவர் வகுத்த யூடிஎஃப்-8 என்ற முறைதான் இன்று பெரிதும் வழக்கிலுள்ளது. அம்முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'ம' என்னும் எழுத்து 224, 174, 174 என்ற மூன்று எண்களாக அறைகளில் அமர்கிறது.

'மதுரை' என்ற சொல்லை எண்ணிப் பார்ப்போம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து. ஐம்மூன்று பதினைந்து பைட். அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து, ஏழே பைட். எழுத்தின் எண்ணிக்கை வேறு, பைட்டின் எண்ணிக்கை வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

பஃபர் என்பது யாது?

குழாயில் நீர் ஒரு வேகத்தில் வருகிறது. நாம் வேறொரு வேகத்தில் செலவிடுகிறோம். இடையில் ஒரு குடம் வைத்துக்கொள்கிறோம். கணினியிலும் அப்படியே. விசைப்பலகையிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரும் பைட்டுகள், பயன்படும் வரை தங்கியிருக்கச் சில அறைகளை அடுத்தடுத்து ஒதுக்குகிறோம். அந்த இடமே பஃபர்.

சி மொழியில் எட்டு பைட் பஃபர் ஒன்றை ஒதுக்கினால், அறைகளின் எண்கள் 0 முதல் 7 வரை அமையும். எட்டாம் எண்ணுள்ள அறை நமதன்று. மேலும், சொல் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட அம்மொழியில் இறுதியில் ஒரு பூச்சியம் வைக்க வேண்டும். ஆகவே ஆங்கில எழுத்தில் எழுதிய மதுரை, பூச்சியத்தோடு சேர்ந்து எட்டு அறைகளில் சரியாக அடங்கும். தமிழில் எழுதிய மதுரைக்குப் பதினாறு அறைகள் தேவை. வெறும் எட்டு பைட்டோடு வெட்டி நிறுத்தினால் 'ம', 'த' இரண்டும் முழுதாக நிற்கும். உகரக் குறி பாதியில் அறுபட்டு, திரையில் கேள்விக்குறி போன்ற பொருளற்ற அடையாளமாகத் தோன்றக்கூடும். சரி, வெட்டாமல் முழுவதையும் எட்டு அறைக்குள் ஊற்றினால்?

நிரம்பி வழிந்தால்

ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு படி அரிசியைக் கொட்டினால் மீதி தரையில் சிந்தும். சிந்தியது கண்ணுக்குத் தெரியும். நினைவகத்தில் தரை கிடையாது. வழிவது அடுத்த பாத்திரத்தில் விழுந்து, அங்கிருந்ததை ஓசையின்றி அழித்துவிடும். சி மொழி இதைத் தானாகத் தடுப்பதில்லை.

இதனால் விளைந்த கேட்டுக்கு 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் சான்று. அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் தானே பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். அது புகுந்த வழிகளுள் ஒன்று, 'ஃபிங்கர்' என்னும் சேவையிலிருந்த 512 பைட் பஃபர். வருவதை அளக்காமல் வாங்கும் 'கெட்ஸ்' என்ற கட்டளையை அச்சேவை பயன்படுத்தியது. மோரிஸின் நிரல் 536 பைட்டுகளை அனுப்பியது. அருகிலிருந்த அறைகளில், வேலை முடிந்ததும் கணினி எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இருந்தது. வழிந்த பைட்டுகள் அம்முகவரியை மாற்றின. கணினி தன் வீட்டுக்குத் திரும்பாமல், வந்தவன் காட்டிய இடத்துக்குப் போயிற்று. அன்று இணையத்திலிருந்த கணினிகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 'கெட்ஸ்' கட்டளை சி மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து நீக்கப்பட்டது.

கேட்டதெல்லாம் கொடுத்தால்

அளவு மீறி ஊற்றுவது மட்டுமன்று, அளவு மீறி எடுப்பதும் கேடே. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்ப்ளீட்' என்னும் பிழை இவ்வகையைச் சேர்ந்தது. இணையத்தில் இரகசியம் காக்க உதவும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்ற நிரலில் அது இரண்டாண்டுகள் யாரும் அறியாமல் இருந்தது.

இரு கணினிகள், தொடர்பு அறுந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு வழக்கம் உண்டு. ஒன்று சிறு செய்தியையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மற்றது அச்செய்தியையே திருப்பி அனுப்பும். தீயோர் ஒரு பைட் செய்தியை அனுப்பி, நீளம் ஏறத்தாழ 64,000 பைட் என்று பொய் சொன்னார்கள். மறுபுறத்துக் கணினி அளந்து பார்க்கவில்லை. அந்த ஒரு பைட்டையும், நினைவகத்தில் அதை அடுத்திருந்த ஆயிரக்கணக்கான பைட்டுகளையும் வாரிக் கொடுத்தது. அவற்றில் பிறருடைய கடவுச்சொற்களும் இருக்கக்கூடும். கனடா நாட்டு வரித்துறையில் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இவ்வழியே களவு போயின. திருத்தம் மிகச் சிறியது: சொன்ன நீளமும் வந்த நீளமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் சில வரிகள்!

கைக்கொள்ள வேண்டியவை

1. பஃபரின் அளவை எப்போதும் அதனோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.
2. வெளியிலிருந்து வருவதை முதலில் அளந்து, பிறகே நகலெடுக்க வேண்டும். அனுப்பியவர் சொன்ன நீளத்தை அப்படியே நம்பலாகாது.
3. இறுதிப் பூச்சியத்திற்கு ஓர் அறையை மறவாமல் விட வேண்டும்.
4. எழுத்தை எண்ணி இடம் ஒதுக்காமல், பைட்டை எண்ணி ஒதுக்க வேண்டும்.
5. கடவுச்சொல் போன்றவை இருந்த இடத்தை, வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும்.

ஜாவா, ரஸ்ட் போன்ற மொழிகள் எல்லையைத் தாமே சோதிக்கின்றன. எனினும் சிறு கருவிகளை இயக்கும் நிரல்கள் பல இன்றும் சி மொழியில்தான் எழுதப்படுகின்றன. அங்கே காவல் மனிதரின் கவனமே. தவறு செய்தவர் ஒருவர், இழந்தவர் முகமறியாத வேறொருவர் என்பதுதான் மேற்கண்ட நிகழ்ச்சிகளில் நாம் காணும் உண்மை. நம் நிரலை நம்பித் தம் இரகசியத்தை ஒப்படைப்பவருக்கு, ஒரு பைட்டையும் சரியாக எண்ணுவது நாம் செலுத்தும் கடமையாகும்.

தோழியரே, ஒரு சிறு பயிற்சி. 'பூ' என்ற சொல்லுக்கு ஆறு பைட். இறுதிப் பூச்சியத்தோடு ஏழு. உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, அதற்கு எத்தனை அறைகள் வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கும் மூன்று பைட் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்!