காட்டுச்சேவல் கூவும் திரியாய்

"அங்க என்ன மிருகம் பாக்கலாம்?" தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். யானை, புள்ளிமான், மயில் என்று தொடங்கினால், "அதெல்லாம் முதுமலையிலயே இருக்கே" என்பார்கள். உண்மைதான். அதனால் இப்போது நான் யானையிலிருந்து தொடங்குவதில்லை. விடியமுன் திரியாய்க்கு வாருங்கள், ஒரு சேவலைக் காட்டுகிறேன் என்கிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, கடலோரமாகப் புல்மோட்டைக்குப் போகும் வீதியில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி தாண்டினால் திரியாய்ச் சந்தி. அங்கிருந்து மேற்கே திரும்பினால் வயல், குளம், ஊர்மனை, அதற்கப்பால் காடு சூழ்ந்த ஒரு மலை. ஊர்ச்சனத்துக்கு அது கந்தசாமிமலை. பெயர்ப்பலகையில் கிரிஹண்டு சேய. உச்சியில் கல்தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த பழைய தூபி இருக்கிறது. பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில் வெட்டிய சாசனம் ஒன்றும் உண்டு. வணிகக் கூட்டத்தார் இந்தத் தூபியை எழுப்பிய செய்தியைச் சொல்வது அது. போர்க்காலத்தில் ஊர் முழுதும் இடம்பெயர்ந்தது. ஆளில்லாத வளவுகளுக்குள் காடு வந்தது. திரும்பி வந்த சனம் இன்றும் அந்தக் காட்டை வெட்டியும் அதனோடு ஒத்துப்போயும்தான் வயல் செய்கிறது. நீங்கள் பார்க்கப்போகும் உயிர்கள் அந்த வயலுக்கும் காட்டுக்கும் நடுவில்தான் திரிகின்றன.

காலை ஐந்தரைக்கு மலையடியில் நில்லுங்கள். பற்றைக்குள்ளிருந்து மூன்று அசையில், சட்டென்று அறுந்துபோகும் ஒரு கூவல் வரும். வீட்டுச் சேவலின் இழுவை அதில் இராது. கொஞ்சம் பொறுத்தால் பாதையோர மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வரும். செம்மஞ்சள் உடல், ஊதா கலந்த கருமையில் வாலும் சிறகும். கொண்டையைக் கவனியுங்கள்: சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் தீட்டியதுபோல் ஒரு பட்டை. உலகில் வேறு எந்தக் காட்டுக்கோழிக்கும் அது கிடையாது. இலங்கையின் தேசியப் பறவை இதுதான். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இது காட்டில் வாழ்வதில்லை. தமிழ்நாட்டு மலைக்காட்டில் உள்ளது சாம்பல் காட்டுக்கோழி. வீட்டுக் கோழி பெரும்பாலும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தது. அதன் காலுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆக, உங்கள் ஊர்க் கொல்லைக் கோழியின் இன்னொரு உறவுக்காரரை இங்கே நேரில் பார்க்கிறீர்கள். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை பாக்கு நீரிணைப் பக்கம் தரைத் தொடர்பு இருந்தது என்கிறார்கள். கடல் ஏறி இறங்கிய காலங்களில் பிரிந்தும் கலந்தும் வந்த குடும்பங்கள் இவை. எங்கள் பக்கத்தில் பயணம் செய்கிறவர் இந்த உறவுமுறையை மனதில் வைத்துக்கொண்டால், எந்தச் சிறு பிராணியும் சாதாரணமாகத் தெரியாது.

குரங்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மலைப்படிகளில் வந்து உட்காரும் செங்குரங்கின் உச்சந்தலையில் மயிர் நாற்புறமும் விரிந்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டியதுபோல் நிற்கும். உங்கள் ஊர் நாட்டுக் குரங்கின் நெருங்கிய உறவு, ஆனால் இனம் வேறு. இலங்கைக்கு மட்டுமே உரியது, அழிவின் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருப்பது. பிஸ்கட் கொடுத்துப் பழக்காதீர்கள். நீங்கள் நீட்டிய கையை நம்பி அது நாளைக்கு இன்னொருவரின் வீட்டுக்குள் போகும். அடி வாங்குவது அதுதான். உயர்ந்த மரக்கிளையில் கரிய முகமும் நீண்ட வாலுமாக இருப்பது வேறு கூட்டம். அதில் ஊதாமுகக் குரங்கு என்ற இனமும் இந்தத் தீவின் சொத்து. இலைக்குள் ஒளிந்தே வாழும், கிடைத்தால் பாக்கியம். இருவாச்சியின் குரல் கேட்டால் அலகைப் பாருங்கள். இலங்கைச் சாம்பல் இருவாச்சிக்கு அலகின் மேல் கொம்புபோன்ற புடைப்பு இல்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் காணும் சாம்பல் இருவாச்சிக்கு அது உண்டு.

பத்து மணிக்குமேல் மலையில் நிற்க வேண்டாம். செருப்பைக் கழற்றித்தான் தூபி முற்றத்தில் ஏற வேண்டும், கல் கொதிக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். தண்ணீர் கையில் இருக்கட்டும். வைகாசி, ஆனி மாதங்களில் வந்தால் பாலைப்பழம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பால் உதட்டில் ஒட்டும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் போய்விடும். அந்தப் பழத்துக்குக் கரடியும் காட்டில் அலைகிற பருவம் அது. ஊர் ஆட்களே தனியாக உள்ளே போகமாட்டார்கள், நீங்களும் போகாதீர்கள்.

தேவாங்கு பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரவில் ஒரு மணிநேரம் வேண்டும். தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தை 2022இல் அறிவித்தார்கள் அல்லவா, அதே இனத்தின் இலங்கை வடபுலக் கிளை திருகோணமலைக் காடுகளில் உண்டு. சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிய டோர்ச் வெளிச்சத்தை மரக்கிளைகளில் மெல்ல ஓட்டினால் இரண்டு கண்கள் தணல்போல் மின்னும். வெள்ளை வெளிச்சம் அடிக்காதீர்கள், அந்தக் கண்களுக்கு அது கொடுமை. இந்த நடையை வீதியோரத்திலேயே, ஊரவர் ஒருவரோடு மட்டும் செய்யுங்கள். காரணம் யானை. இருட்டியபின் வயலுக்கு யானை இறங்குகிற ஊர் இது; யானைவெடிச் சத்தம் கேட்டால் உடனே திரும்பிவிடுங்கள். யானையை நிதானமாகப் பார்க்க ஆசையென்றால் ஓகஸ்ட், செப்டெம்பரில் ஹபரணைப் பக்கம் மின்னேரியா, கவுடுல்ல குளங்களுக்குப் போங்கள். நீர் வற்றிய குளப்படுகையில் நூற்றுக்கணக்கில் கூடும். சிறுத்தைக்கு வில்பத்து. புலியே இல்லாத இந்தத் தீவில் சிறுத்தைதான் காட்டின் தலைமை வேட்டை விலங்கு. ஆனால் அவையெல்லாம் வேறு பயணம்.

திரியாயை முடித்துத் தெற்கே திரும்பும்போது கடலுக்கு இரண்டு காலைகளாவது ஒதுக்குங்கள். உங்களால் தமிழ்நாட்டில் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று இங்கே இருக்கிறது: கோயில் வாசலில் நின்றபடி நீலத் திமிங்கிலத்தைப் பார்ப்பது. திருகோணமலைத் துறைமுக வாயருகே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக நெருக்கமாக வருகிறது. ஆழ்கடல் உயிர்கள் அதனால்தான் கோணேஸ்வரர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்கு எதிரே வருகின்றன. மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை, காற்றில்லாத காலையில் தொலைநோக்கியோடு கோயில் மதிலருகே நின்று அடிவானத்தைத் துழாவுங்கள். நேராக, தென்னை உயரத்துக்கு எழும் வெண்ணீர்த்தூண் என்றால் நீலத் திமிங்கிலம். முன்பக்கம் இடதாகச் சாய்ந்து புதர்போல் எழுந்தால் விந்துத் திமிங்கிலம். எப்போதும் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். நான்கு நாள் வெறுங்கடலைப் பார்த்து ஐந்தாம் நாள் கண்டவன் நான். அந்த ஐந்தாம் நாளுக்காக ஐம்பது நாள் நிற்பேன்.

இந்தத் திமிங்கிலங்கள் ஒரு வகையில் ஊர்க்காரர்கள். உலகின் மற்ற நீலத் திமிங்கிலங்கள் பலவும் இரை தேடிக் குளிர்கடல்களுக்குப் போய்வர, வட இந்துமாக்கடல் கூட்டம் ஆண்டு முழுதும் வெப்பக் கடலிலேயே வாழ்கிறது. இலங்கைக் கடலுயிரியலாளர் அஷா டி வோஸ் பல ஆண்டுகளாக ஆய்வது இந்தக் கூட்டத்தைத்தான். 1979இல் இந்துமாக்கடல் திமிங்கிலச் சரணாலயமானது. 1980களின் தொடக்கத்திலேயே 'துலிப்' என்ற ஆய்வுப் படகு இந்தத் திருகோணமலைக் கடலில் அலைந்து திமிங்கிலங்களைப் பதிவுசெய்தது.

படகில் போகிறவர்கள் ஆறு மணிக்கே கிளம்புங்கள். கச்சான் காற்று ஏறினால் கடல் புரளும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் படகோட்டியிடம், "அண்ணை, நூறு மீற்றருக்குக் கிட்டப் போக வேண்டாம், துரத்தவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் ஏறிய படகு திமிங்கிலத்தின் முன்னால் போய்க் குறுக்கே நின்றது. அது மூழ்கியது, பிறகு வரவேயில்லை. வாயைத் திறக்காமல் இருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு. தாய்க்குப் பக்கத்தில் குட்டி இருந்தால் திரும்பிவிடச் சொல்லுங்கள்.

வரும் வழி: நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, கடல்நிலைக்கேற்ப நிறுத்துவார்கள், புறப்படுமுன் விசாரியுங்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை வரலாம். கொழும்பிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. புல்மோட்டை பஸ் திரியாய்ச் சந்தியில் நிற்கும், ஆனால் விடியமுன் மலைக்குப் போகப் பஸ்ஸை நம்ப முடியாது; முதல்நாளே ஆட்டோ பேசிவையுங்கள். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள், தேசியப் பூங்காக்களில் சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

அந்தக் கடவுச்சீட்டு உதவும் இடங்களில் ஒன்று நிலாவெளிக்கு எதிரே, ஒரு கிலோமீட்டர் தூரத்திலுள்ள புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவானது. எல்லோரும் நீருக்குள்தான் பார்ப்பார்கள். கருஞ்செட்டை முனைச் சுறாக்குட்டிகள் முழங்கால் ஆழத்தில் ஓடும், கடலாமை பக்கத்தில் மேயும். முருகைக்கல்லின் மேல் கால் வைக்காதீர்கள், அது உயிர். வெயிலுக்குப் பூசும் கிறீம் தடவாமல் நீளக்கைச் சட்டையோடு இறங்குங்கள். வெளியே வந்து தலையைத் துவட்டும்போது பாறையை நிமிர்ந்து பாருங்கள். தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் அங்கே இடுக்குகளில் அடைந்திருக்கும். மதுரைக் கோபுரத்தில் நீங்கள் பார்த்த புறாக்களின் ஆதி வீடு இந்த மாதிரிப் பாறைதான். கடல் இரைச்சலுக்கு மேலே அவை குமுறுவது கேட்கும்.