மீன் பங்கு

கற்பிட்டிக் கரையில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு மீனுக்குக் குறையே இல்லை. குறை வைப்பது கரண்டி பிடிக்கிற கைதான். பாரை ஆணம் என்றால் நடுத்துண்டு மகன்மாருக்கு, தலை மதினிமாருக்கு, வால் எனக்கு. ஆக்கினவள் நான். சட்டியைத் தன் முன்னால் இழுத்துவைத்துப் பங்குபோடுவது மாமி. உங்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது?

வால்துண்டை விட்டுவிடலாம். ஒரு நோன்பில், இஃப்தாருக்கு வந்த சொந்தக்காரர் சஹனைச் சுற்றி இருக்கும்போது மாமி சொன்னார்: “நிவாரண அரிசி திண்டு வளந்த புள்ளைக்கு மீன்ட ருசி எங்க தெரியும்?”

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்கள் என் உம்மாவும் வாப்பாவும். நான் வளர்ந்தது கிடுகுக் கொட்டிலில், நிவாரண அரிசியிலும் மாவிலும் பருப்பிலும்தான். அன்று எங்கள் ஆட்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டதும் இதே புத்தளத்து மக்கள். அதனால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு சுட்டது. அதுவும் மன்னார்க் கடற்கரைக்காரியின் மகளிடம், மீனைப் பற்றி!

“சபூர் செய் மகள்” என்றார் உம்மா. அந்தப் புத்திமதியைக் கேட்டு நான் இழந்ததுதான் அதிகம். நான் வாய் திறக்காததைப் பார்த்து மதினிமாரும் கேலியில் சேர்ந்துகொண்டார்கள். என் பிள்ளை தன் மீன்துண்டை எனக்காகச் சோற்றுக்குள் ஒளித்துவைக்கப் பழகிவிட்டது. அதைக் கண்ட அன்றுதான் இவரிடம் பேசினேன்.

நீங்கள் அவ்வளவு நாள் பொறுக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேச்சை எடுக்காதீர்கள்; அசருக்குப் பிறகு தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். மாமியிடம் அவர் பெற்ற மகனே சொல்லட்டும். ஆணம் இறக்கியதும் உங்கள் பங்கையும் பிள்ளையின் பங்கையும் எடுத்துவையுங்கள், மாமி பார்க்கவே. உப்புக் குறை என்றால் உப்புப் போத்தலை நகர்த்திவிடுங்கள். புத்தளத்தில் உப்புக்கா பஞ்சம்!

நான் கடைசியில் அடுப்பையே பிரித்துக்கொண்டேன். அதற்கு ஊர் என்னைத்தான் பேசியது. பேசட்டும். வாப்பாவின் வீடு மன்னாரிலேயே போய்விட்டது. அது இருந்திருந்தால் இவரல்லவா எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்திருப்பார்? இப்போது பின்பக்கம் எனக்கென்று சின்னக் குசினி, ஒரு கேஸ் அடுப்பு. மாமிக்குப் பகல் சோறு இன்றும் அங்கிருந்துதான் போகிறது, நடுத்துண்டோடு. அடுத்த நோன்புக்கு வருகிற மதினிமார் மட்டும் ஆளுக்கொரு சட்டி ஆணம் ஆக்கிக்கொண்டு வரட்டும்.