வேகத்துக்காக மடக்கினால்: ஓரங்கட்டுவதில் இருந்து ரசீது வரை

காவலர் கை காட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குவது. பலர் இந்த இடத்திலேயே கோட்டை விடுகிறார்கள். பதற்றத்தில் சடாரென்று பிரேக் அடித்து நடுச்சாலையில் நின்றுவிடுவார்கள். சிலர் கண்டும் காணாததுபோல் பறந்துவிடப் பார்ப்பார்கள். வண்டி எண் அதற்குள் படத்தில் விழுந்திருக்கும். சீருடையில் இருக்கும் காவலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். நிற்காமல் போனால் வேக வழக்கோடு உத்தரவை மீறிய வழக்கும் சேரும். அதற்குத் தனியாக 2,000 ரூபாய்.

நிறுத்தியதும் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்குங்கள். போனை எடுத்துத் தெரிந்த புள்ளியைக் கூப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள், கருவியில் பதிவான எண்ணை எந்தப் புள்ளியாலும் அழிக்க முடியாது. லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று கேட்பார்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டினால் போதும். 2018-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு அசல் காகிதம்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் கேலரியில் இருக்கும் போட்டோ ஆவணம் ஆகாது. சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில் செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், ஊர்ப் பயணத்துக்கு அசல் கார்டும் பர்ஸில் இருப்பது நல்லது.

இனி முக்கியமான கட்டம். "சார், என்ன ஸ்பீடு காட்டுச்சு, பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை. சட்டத்தின் 183-ஆம் பிரிவு, அந்த வண்டி வேகமாக வந்ததாக எனக்குத் தோன்றியது என்று ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது. இயந்திரக் கருவியோ மின்னணுக் கருவியோ அளந்ததாக இருக்க வேண்டும். ஆகவே ஸ்பீடு கன் இல்லாமல், கண்ணால் பார்த்தே 'நூறில் வந்தீங்க' என்று சொன்னால், அந்தப் பேச்சு மட்டும் வேக வழக்குக்குப் போதாது. அதற்காக அங்கேயே சட்டம் பேசிச் சண்டைக்கு நிற்காதீர்கள். கருவியால் அளந்தார்களா என்பதை மட்டும் கேட்டு மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லேசர் கருவி என்றால் திரையில் வண்டியின் படம், வேகம், தேதி, நேரம், அந்த இடத்துக்கு வைத்த வேக வரம்பு எல்லாம் தெரியும். நான்கைப் பாருங்கள். ஒன்று, படத்தின் குறி உங்கள் வண்டி மேல் இருக்கிறதா, பக்கத்தில் ஓடிய வண்டி மேலா. இரண்டு, நம்பர் பிளேட் உங்களுடையதா. மூன்று, நேரம் சரியா. நான்காவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: கருவியில் வைத்த வரம்பு உங்கள் வகை வண்டிக்கு உரியதா? சென்னை மாநகரில் 2023 நவம்பரில் அறிவித்த வரம்பு காருக்கு மணிக்கு 60 கி.மீ., இருசக்கர வாகனத்துக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெரு என்றால் எல்லோருக்கும் 30. பைக்குக்கு வைத்த 50-ஐ மாற்றாமல் காரை அளந்தால், 58-இல் போன கார்க்காரர் வீணாக மாட்டுவார். நெடுஞ்சாலைக் கணக்கு வேறு. நடுவே தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் காருக்கு மத்திய அரசு வைத்த உச்சம் 100, பைக்குக்கு 80. மாநிலமும் மாவட்டமும் அதைக் குறைக்கலாம். அந்தந்த இடத்துப் பலகையில் இருப்பதே செல்லும். 'நேஷனல் ஹைவேதானே, நூறில் போகலாம்' என்ற நினைப்பில் ஊருக்குள் நுழைகிறவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

எண் சரியாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அவசரம், ஃபிளைட்டுக்கு நேரமாச்சு என்ற கதைகளை அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். உண்மையிலேயே வண்டியில் நோயாளி இருந்தால் சொல்லுங்கள். இருப்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது சலான். காரைப் போன்ற இலகுரக வாகனத்துக்குச் சட்டம் வைத்திருப்பது 1,000 முதல் 2,000 ரூபாய், லாரி, பஸ் வகையறாவுக்கு 2,000 முதல் 4,000. 2019-இல் திருத்திய இந்தத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் நடப்புக்கு வந்தன. பழைய தொகையை நினைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையடக்கக் கருவியில் வண்டி எண், பிரிவு, தொகை அடித்து இ-சலான் போடுவார்கள். உங்கள் செல்லுக்குக் குறுஞ்செய்தி வரும். கார்டிலோ ஆன்லைனிலோ கட்டலாம். சென்னைப் போக்குவரத்துக் காவல் 2018-லேயே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டது. சலான் எண் இல்லாமல் கைமாறும் பணம் அபராதம் ஆகாது. பாதித் தொகையில் முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், "சலான் போடுங்க சார், கட்டிடறேன்" என்ற ஒரே வாக்கியம் போதும்.

கட்டும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அபராதம் கட்டுவது குற்றத்தை ஒத்துக்கொண்டு சமரசமாக முடிப்பது. கட்டினால் வழக்கு அதோடு தீர்ந்தது. பிறகு 'நான் அவ்வளவு வேகத்தில் வரவில்லை' என்று திரும்பிப் போக வழியில்லை. படத்திலோ வரம்பிலோ உறுதியான தவறு தெரிந்தால் கட்டாமல், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அது உங்கள் உரிமை. வெறும் கோபத்துக்காக மட்டும் அந்த வழியில் போகாதீர்கள்; ஆயிரம் ரூபாய்க்காக அரை நாள் கூலியும் வக்கீல் செலவும் போகும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் லைசென்ஸில்தான் இருக்கிறது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாலையோரத்தில் யாரும் சொல்வதில்லை. வேகம் என்பது லைசென்ஸைக் கைப்பற்றிக்கொள்ளக் காவல் அதிகாரிக்குச் சட்டம் இடம் தரும் குற்றங்களில் ஒன்று. இரண்டாம் முறை என்றால் கைப்பற்றியே ஆக வேண்டும் என்கிறது 183-ஆம் பிரிவு. கைப்பற்றினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், வாங்காமல் நகராதீர்கள். சீட்டில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 206-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றிருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. 'சீட்டு இருக்குல்ல' என்று ஓட்டிக்கொண்டு போய் அடுத்த செக்கிங்கில் மாட்டினால் அது வேறு வழக்கு. வீட்டிலிருந்து லைசென்ஸ் உள்ள ஒருவரை வரவழைத்து வண்டியை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கைப்பற்றிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும். அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் அங்கேதான். காவல் துறை பரிந்துரைக்க மட்டுமே முடியும். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-இல், அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க மாநிலங்களை அறிவுறுத்தியது. உத்தரவு போடுமுன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள், நேரில் போங்கள். முதல் முறை என்பதையும் வேகம் வரம்பை எவ்வளவு தாண்டியது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். உத்தரவு வந்த பிறகும் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். டாக்ஸி, லாரி ஓட்டுகிறவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாத வருமானம். தபால் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிட்டால் பதில் சொல்லும் வாய்ப்பே போய்விடும் என்பதால், வீடு மாறியவர்கள் லைசென்ஸில் விலாசத்தை மாற்றிவிடுங்கள்.

யாரும் மடக்காமல், கேமராவில் சிக்கியவர்களுக்கு நோட்டீஸ் வரும். 2021-இல் சேர்த்த விதிப்படி குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் அதை அனுப்ப வேண்டும். படம், அளந்த வேகம், இடம், நேரம், மீறிய பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். நோட்டீஸ் உரிமையாளர் பெயரில்தான் வரும். அன்று மச்சான் ஓட்டினார் என்றால் அதைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. பழைய பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி.யைப் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு, முகம் தெரியாத ஒருவரின் வேகத்துக்கு வரிசையாகச் சலான் வந்துகொண்டிருக்கும். விற்ற பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கை நேராகத் தட்டாதீர்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல் உண்டு. அரசின் பரிவாகன் தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண்ணைப் போட்டுத் தேடுங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். அங்கே இல்லாத சலானுக்குப் பணம் கட்ட வேண்டாம். கட்டிய பிறகு ரசீதைச் சேமித்து வையுங்கள். சில நாள் கழித்து மறுபடி போய், நிலுவை நீங்கிவிட்டதா என்று பாருங்கள். கட்டாமல் விட்டது தானாக மறையாது. நீதிமன்றத்துக்குப் போகும், வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தை முதலாளி குறித்துக் கொடுத்திருந்தால், அந்த நேர அட்டவணையே அவர் மீதான குற்றத்துக்கு முதல்நிலைச் சான்று என்கிறது 183-ஆம் பிரிவு. டிரிப் ஷீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். 'ஆறு மணிக்குள் வந்தாகணும்' என்று போனில் வந்த செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.