வானை நோக்கி வளரும் நமது நகரம்

அண்மையில் ஒரு சனிக்கிழமை நமது மேற்பிரிவு மாணவர்களிடம், "ஓகூஸ் நகரிலே மிக உயர்ந்த கட்டடம் யாது?" என்று வினவினோம். எல்லோரும் ஒரே குரலில், துறைமுக முனையில் நிற்கும் லைற்ஹவுஸ் என்ற அடுக்குமாடியைக் கூறினர். அதே வினாவை வாயிலில் காத்துநின்ற பெற்றோரிடம் கேட்டோம். பலர் பேராலயத்தின் கோபுரத்தைச் சொன்னார்கள். பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்திருந்த முதியவர் ஒருவரோ சற்றும் தயங்காது, "நாங்கள் முதன்முதல் இருந்த கெலரூப் மாடிதான் தம்பி" என்றார். அவர் 1980களின் நடுப்பகுதியில் இந்நாட்டுக்கு வந்தவர்.

அளந்து பார்த்தால் மாணவர்களின் விடையே சரியானது. ஆயினும் இம்மூன்று விடைகளும் ஒரு நகரம் உயர்ந்த வரலாற்றின் மூன்று படிகள் என்பதால், அவற்றை ஒன்றாக வைத்து நோக்க விரும்புகின்றோம்.

பேராலயத்தின் கட்டுமானம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. இன்று அதன் கோபுர உச்சி 96 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1941இல் திறக்கப்பட்ட நகரசபைக் கட்டடத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் 60 மீற்றர். கட்டடக் கலைஞர் ஆர்ன யாக்கொப்சனும் அவருடைய தோழர் எரிக் மொல்லரும் முதலில் வரைந்த படத்தில் அக்கோபுரம் இருக்கவில்லை. கோபுரமில்லாத நகரசபை எதற்கு என்று நகரத்தார் கேட்டதனாலேயே அது பின்னர் சேர்க்கப்பட்டது. கோபுரத்தின்மீது ஆசை நம்மவர்க்கு மட்டுமே உரியதன்று போலும். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த தஞ்சைப் பெரியகோயிலின் விமானமும் 60 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது என்பதை மாணவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இவற்றில் எதிலும் மக்கள் குடியிருக்கவில்லை. தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏற முடியும்? ஐந்தாறு மாடிக்கு மேல் வீடு கட்டினால் குடியிருக்க ஆள் கிடையாது. அக்காலத்தில் மேல்மாடியே வாடகை குறைந்த மாடி. வசதி படைத்தவர் கீழ்த்தளத்திலும் வேலைக்காரர் கூரையின் அடியிலும் வாழ்ந்தனர். இவ்வொழுங்கைத் தலைகீழாக மாற்றியது மின்தூக்கி. கயிறு அறுந்தாலும் கூண்டு கீழே விழாது தடுக்கும் பொறியை அமெரிக்கரான எலிசா ஓட்டிஸ் என்பவர் ஆக்கி, 1854இல் நியூயோர்க் கண்காட்சியிலே தாமே கூண்டில் ஏறிநின்று கயிற்றை வெட்டச் செய்து காட்டினார். அடுத்து வந்தது உருக்குச் சட்டகம். கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டும்போது மாடிகள் கூடக்கூட அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். சட்டகம் சுமையைத் தாங்கினால் சுவர் வெறும் போர்வையாகிவிடும். 1885இல் சிக்காக்கோவில் எழுந்த பத்து மாடிக் கட்டடம் இம்முறைக்கு முன்னோடி. பின்னாளில் அதே நகரில், வங்கத்தின் டாக்காவில் பிறந்த பொறியியலாளர் பஸ்லூர் ரகுமான் கான், கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதையுமே ஒரு குழாய்போல அமைத்துக் காற்றை எதிர்க்கும் முறையை வகுத்தார். 1974இல் நிறைவுற்ற 442 மீற்றர் உயரமான சியர்ஸ் கோபுரம் அவருடைய கணிப்பில் எழுந்ததே. உயர்ந்த கட்டடத்திற்குப் பெரும் பகை அதன் சொந்த எடையன்று, காற்றேயாகும்.

இனி முதியவரின் விடைக்கு வருவோம். கெலரூப் குடியிருப்பு 1968 முதல் 1972 வரையான காலத்தில் நகரின் மேற்கே, பிராப்ரான்ட் வீடமைப்புச் சங்கத்தினால் கட்டப்பட்டது. தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற் பலகைகளைப் பாரந்தூக்கியால் அடுக்கி, நான்கு மாடியும் எட்டு மாடியுமாக வரிசை வரிசையாக எழுப்பினார்கள். கழிவறையும் குளிப்பறையும் வீட்டுக்குள்ளேயே, மைய வெப்பமூட்டல், சூரிய ஒளி படும் பல்கனி என்று, பழைய நகரின் இருண்ட வீடுகளில் வாழ்ந்த டேனியத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது ஒரு புதுவாழ்வாக எண்ணப்பட்டது. பின்னர் தனிவீடு வாங்க வசதி பெற்றவர்கள் வெளியேறினர்; வெறுமையான வீடுகளுக்குப் பிறநாட்டுத் தொழிலாளரும், அவர்களை அடுத்து ஏதிலிகளும் வந்தனர். அவர்களுள் ஈழத்தமிழரும் இருந்தனர்.

பனையுயரமே உயரம் என்று அறிந்த கண்களுக்கு எட்டாம் மாடி எப்படித் தோன்றியிருக்கும்! மின்தூக்கியில் ஏற அஞ்சித் தம் மனைவி முதல் இரண்டு வாரம் படியிலேயே ஏறி இறங்கினார் என்று அம்முதியவர் சிரித்துக்கொண்டே கூறினார். சீமெந்து நிலத்தில் கோலமிட முடியாத குறையை, பல்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்துத் தீர்த்துக்கொண்டார்களாம். குளிர்காலத்தில் அது பட்டுப்போனது, மறுபடி வைத்தார்கள்.

மாணவர்கள் கூறிய லைற்ஹவுஸ் முற்றிலும் வேறு காலத்தின் பிள்ளை. கொள்கலன் கப்பல்கள் பெருத்தபோது துறைமுகம் கடலை நிரப்பிக் கிழக்கே நகர, நகரை ஒட்டிய பழைய துறைகள் வெறுமையாயின. அவ்விடத்தில் எழுந்ததே 'ஓகூஸ் ஊ' என்ற புதிய பகுதி. பனிமலைபோல் கூம்பிய கூரைகளையுடைய இஸ்பியர்கெற் 2013இல் நிறைவுற்றது; பின்வரிசை வீட்டுக்கும் கடலும் வெளிச்சமும் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அதன் கூரைகள் அவ்வாறு ஏறி இறங்குகின்றன. லைற்ஹவுஸ் கோபுரமோ 2007இலேயே திட்டமிடப்பட்டு, 2008இன் நிதி நெருக்கடியால் தடைப்பட்டு, 2019இல் தொடங்கி 2022இல் முழு உயரத்தை எட்டியது. 142 மீற்றர். 1976 முதல் நாட்டின் உயர்ந்த கட்டடமாக இருந்த 120 மீற்றர் கேர்லெவ் மருத்துவமனையையும் அது விஞ்சிவிட்டது. அப்பகுதியில் மாணவர் விடுதிகளும் பொதுவீடமைப்புச் சங்க வீடுகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. எனினும் கடலை நோக்கிய மேல்மாடிகள் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கோ தாதிக்கோ எட்டும் விலையில் இல்லை. மின்தூக்கி செய்த மாற்றம் இதுதான்: கூரையடி வேலைக்காரரிடமிருந்து செல்வர் கைக்கு மாறிவிட்டது.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது நிழலை மறக்கலாகாது. நமது நகரம் வட அகலக்கோடு 56 பாகையில் உள்ளது. டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலிலும் சூரியன் தொடுவானிலிருந்து ஏறக்குறைய 10 பாகை உயரத்திலேயே நிற்கும். அவ்வேளையில் 142 மீற்றர்க் கட்டடத்தின் நிழல் ஏறக்குறைய 770 மீற்றர் நீளும்! யூன் 21இல் அது 90 மீற்றராகச் சுருங்கும். அதே கட்டடத்தை யாழ்ப்பாணத்தில் நிறுத்தினால் டிசம்பரிலும் அதன் நிழல் 93 மீற்றரைத் தாண்டாது. அங்கே நிழலைத் தேடி ஒதுங்குகின்றோம். இங்கே நிழலுக்காக வழக்காடுகின்றார்கள். லைற்ஹவுஸ் துறைமுக முனையில் நிற்பதனால் அதன் நண்பகல் நிழல் பெரும்பாலும் கடல்மீதே விழுகின்றது. கெலரூப்பின் எட்டு மாடியை 24 மீற்றர் என்று கொண்டால் குளிர்கால நிழல் 130 மீற்றர் வரும். தொகுதிகளுக்கு நடுவே அத்துணை பரந்த புல்வெளிகளை விட்டது ஏன் என்பது இப்போது மாணவர்களுக்கு விளங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒளி வேண்டும் என்று எண்ணியவர்கள் வரைந்த படம் அது.

அந்தப் படம் இப்போது அழிக்கப்பட்டு வருகின்றது. 2010களின் நடுப்பகுதியில் முதற் தொகுதிகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய அகன்ற வீதி ஒன்று போடப்பட்டது. 2018இல் மாநகரசபை தனது அலுவலகம் ஒன்றையும் அங்கே கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இத்தகைய சில குடியிருப்புகளில் பொதுவீடமைப்புக் குடும்ப வீடுகளை 2030ஆம் ஆண்டுக்குள் 40 விழுக்காடாகக் குறைக்கவேண்டும் என்று விதித்தது. வேலையின்மை, கல்வி, வருமானம், குற்றம் என்பனவற்றோடு, குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் 'மேற்கு நாட்டவரல்லாதார்' என்பதும் இச்சட்டத்தின் அளவுகோல். பலதரப்பட்ட மக்களும் கலந்து வாழ்ந்தால் பிள்ளைகளின் எதிர்காலம் நன்றாகும் என்பது அரசின் வாதம். அதில் உண்மையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். புதிய வீதியும் வெளிச்சமும் வந்தபின் அங்கு நடமாட்டம் கூடியிருப்பதையும் கண்டோம். ஆனால் கட்டடம் பழுதுற்றதனால் இடிப்பது ஒன்று. அதில் வாழ்வோரை எண்ணிப் பார்த்து இடிப்பது வேறொன்று. பின்னதை நம்மால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கெலரூப்பின் அப்புதிய வீதிக்கு எழுத்தாளர் காரென் பிளிக்சனின் பெயரைச் சூட்டியுள்ளனர். அவர் 1914 முதல் 1931 வரை ஆபிரிக்காவில், கென்யாவின் நைரோபி நகருக்கு வெளியே கோப்பித் தோட்டம் நடத்தியவர். அந்த நைரோபியின் வளர்ச்சியும் நமது பாடத்துக்கு உரியதே. 1899இல் தொடருந்துப் பாதை அமைத்தோரின் தங்குமிடமாகத் தோன்றிய ஊர் அது. அப்பாதையை இட்டவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கூலித் தொழிலாளர். விடுதலைக்குப் பின் 1973இல் அங்கு எழுந்த கென்யாற்றா மாநாட்டு மண்டபத்தின் 28 மாடிக் கோபுரம் 105 மீற்றர் உயரமுடையது. அதனை வரைந்தவர் நோர்வே நாட்டவரான கார்ல் கென்றிக் நொஸ்ற்விக். 2017இல் நிறைவுற்ற பிரிற்றாம் கோபுரம் 200 மீற்றர். நிலநடுக்கோட்டருகே உள்ள நகரமாதலால் மார்ச்சு மாத நண்பகலில் இக்கோபுரங்களுக்கு நிழலே இல்லை எனலாம். ஆகவே நிழல் குறித்த வழக்கும் அங்கு இல்லை. ஆயினும் நிலத்தின் விலை ஏறும்போது யார் அகற்றப்படுகின்றார் என்ற வினா அங்கும் உண்டு. 2018 யூலையில், ஒரு வீதிக்காகக் கிபேராவின் தகரக் குடிசைகள் இடிக்கப்பட்டபோது பல்லாயிரவர் ஒரே நாளில் வீடிழந்தனர். டென்மார்க்கில் அவ்வாறு எவரும் தெருவில் விடப்படவில்லை. மாற்று வீடு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இவ்வேறுபாடு பெரிது. ஆனால் மாற்று வீடு பெற்றவர் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துப் பெறுவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. வரும் டிசம்பர் 21ஆம் நாள், சூரியன் மனமிரங்கித் தோன்றினால், கெலரூப்பில் எஞ்சி நிற்கும் எட்டு மாடித் தொகுதி ஒன்றின் நிழலை அளக்கவுள்ளோம். நண்பகல் என்பது அன்று கடிகாரத்தில் ஏறக்குறைய 12.17 மணி, டென்மார்க்கின் கடிகாரம் நமக்குக் கிழக்கேயுள்ள 15 பாகை நெடுங்கோட்டைப் பின்பற்றுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஒரு மீற்றர்த் தடியை நிமிர்த்தி நட்டு அதன் நிழலை அளந்து, கட்டடத்தின் நிழலை அதனால் வகுத்தால் உயரம் மீற்றரில் கிடைக்கும். முதியவரும் வர இசைந்துள்ளார். அவர் குடியிருந்த மாடி இப்போது வீதியாகிவிட்டது. அது நின்ற இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். தடியும், நீண்ட கயிறும், குறிப்பேடும், தடித்த கையுறையும் கொண்டுவருக. 11.30 மணிக்குப் பாடசாலை வாயிலில் கூடுவோம்.