போல்ட் திறந்தே இருக்கட்டும்!

துப்பாக்கி உரிமத்துக்கு என்டால்-அலிஸ் இணையதளத்தில் செல்போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் 2016 ஆயுத விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சியை நேரில் போய்த்தான் கத்துக்கணும். அதற்கான சான்று எஸ்-1 படிவம்.

அங்கே முதலில் மனசில் பதிய வேண்டியது இது: மேகசினைக் கழற்றியதாலேயே துப்பாக்கி காலி ஆகிவிடாது. செமி-ஆட்டோமேட்டிக் ரைபிளில் ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே சேம்பருக்குள் ஏறிவிடும். மேகசின் உங்கள் கையில் இருக்கும். அந்த ஒரு தோட்டா உள்ளேயே காத்திருக்கும்.

அதனால் குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, முதலில் மேகசினை எடுங்க. பிறகு போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்க. வரிசை மாறினால் ஆபத்து: மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட் முன்னால் போனால் புதுத் தோட்டா ஏறிவிடும். சேம்பரைக் கண்ணால் பாருங்க, விரலாலும் தொட்டுப் பாருங்க. கடைசியாகப் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்க. சர்வதேசப் போட்டிகளிலும் இது கட்டாயம். பத்தடி தள்ளி நிற்பவருக்கும் துப்பாக்கி காலி என்று அப்போதுதான் தெரியும். சேஃப்டி பட்டன் இதற்கு ஈடாகாது.

தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் இருக்கிறவங்க கூடுதலாகக் கவனிக்கணும். உப்புக்காத்தில் சேம்பர் துருப்பிடித்தால் போல்ட்டை இழுத்தாலும் தோட்டா வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளலாம். துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு வைங்க.

இலக்குப் பக்கம் ஆட்கள் போயிருக்கும்போது, போல்ட் திறந்திருந்தாலும் துப்பாக்கியைத் தொடாதீங்க, செல்ஃபிக்கும்கூட! தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், போல்ட்டைத் திறந்து காட்டியே கொடுங்க.