மணல் ஈயின் உணவும் அது பரப்பும் நோய்களும்

மணல் ஈ என்னும் பெயர் கற்போரைத் தவறான இடத்திற்கு அழைத்துச் செல்வது. ஆற்று மணலிலோ கடற்கரையிலோ தேடினால் இது அகப்படாது. மண்சுவரின் வெடிப்பு, மாட்டுத் தொழுவத்தின் இருண்ட மூலை, சாணமும் ஈரமும் கலந்த மண் ஆகியவையே இதன் இருப்பிடங்கள். நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான். உடலெங்கும் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். அமரும்போது இறக்கைகளை மடக்காமல் மேல்நோக்கி நிறுத்திக்கொள்ளும். வலுவாகப் பறக்க இயலாதாகையால் சுவரில் தத்தித் தத்திச் செல்லும்.

கொசு ஒழிப்பில் பழகிய களப்பணியாளர் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறார். தேங்கிய நீரைக் கொட்டுவதால் மணல் ஈ குறையாது. இதன் புழு நீரில் வாழ்வதன்று. மக்கிய இலையையும் சாணத்தையும் தின்று மண்ணுக்குள் வளர்வது.

ஆண், பெண் ஆகிய இரண்டும் செடிகளின் இனிப்புச் சாற்றை உண்கின்றன. முட்டை முதிர்வதற்காகப் பெண் மட்டுமே இரத்தத்தை நாடுகிறது. கொசு தன் நீண்ட ஊசியை நுண்ணிய இரத்தக் குழாயினுள் செலுத்தி உறிஞ்சும். மணல் ஈயின் வாயுறுப்புகளோ குட்டையானவை, அரம் போன்ற பற்களை உடையவை. அவை தோலை அறுத்து, அங்குள்ள குழாய்களைச் சிதைத்து, ஊறிநிற்கும் இரத்தத் துளியைப் பருகுகின்றன. அத்துளி உறைந்துவிடாமல் ஈயின் உமிழ்நீர் காக்கிறது. இம்முறையில் உண்பதால் இரத்தத்தில் உள்ள கிருமி மட்டுமன்றித் தோலில் தங்கிய கிருமியும் ஈயின் வயிற்றை அடைகிறது. காலா அசார் குணமான பின்னர்ச் சிலரது தோலில் தோன்றும் வெளிறிய திட்டுகளை நாம் அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதுவே காரணம். நலமாக நடமாடும் அம்மனிதரிடமிருந்தும் ஈ ஒட்டுண்ணியைப் பெறக்கூடும்.

காலா அசாரின் ஒட்டுண்ணியை லீஷ்மன் இங்கிலாந்திலும் டோனவன் சென்னை அரசினர் பொது மருத்துவமனையிலும் 1903இல் தனித்தனியே கண்டு அறிவித்தனர். லீஷ்மேனியா டோனவானி என்னும் பெயர் அவ்விருவரையும் குறிப்பது. 1924இல் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர், பிளெபாட்டமஸ் அர்ஜென்டிபெஸ் என்னும் மணல் ஈயின் உடலில் இவ்வொட்டுண்ணி வளர்வதைக் கண்டனர். குற்றவாளி அகப்பட்டுவிட்டது போலவே தோன்றியது. எனினும் அதன் கடியால் மனிதனுக்கு நோய் வரும் என்பதை மெய்ப்பிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. தடையாக நின்றது ஈயின் உணவே. ஸ்மித்தும் அவருடைய துணைவர்களும், நோயாளியின் இரத்தம் உண்ட ஈக்களுக்கு மறுமுறை இரத்தம் அளிக்காமல் உலர்ந்த திராட்சையைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தனர். ஒட்டுண்ணிகள் பன்மடங்கு பெருகி ஈயின் தொண்டையை அடைத்து நின்றன! அடைபட்ட ஈ கடிக்கும்போது பருக இயலாமல் முதலில் கக்குகிறது. அவ்வாறு கக்கியது காயத்தினுள் இறங்குகிறது. இம்முறையைக் கைக்கொண்டு சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1942இல் தாமே முன்வந்த மனிதர்களிடம் நோய்ப்பரவலை ஐயமற நிறுவினர். ஒரு பிடி திராட்சை செய்த உதவியை வகுப்பில் கூறினால் மாணவர் மறக்கமாட்டார்.

இவ்வகை ஈ பெரிதும் மாட்டை விரும்புவது. ஆகவே மாடு ஈயை நம்மிடமிருந்து விலக்குகிறதா, வீட்டருகே பெருக்குகிறதா என்று கேட்பவர் உளர். இரண்டுக்கும் இடமுண்டு. மாடும் மனிதனும் ஒரே கூரையின்கீழ் உறங்கும் வீட்டில் ஈக்கு இருவரும் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றனர்.

மராட்டியத்தில் மணல் ஈ வேறொரு நோயால் அறிமுகமாயிற்று. புனேயில் 1952இல் நிறுவப்பட்டு, 1978 முதல் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் என வழங்கும் நிலையத்தார், 1965இல் நாகபுரிப் பகுதியில் காய்ச்சல் பரவியபோது நோயாளர் இருவரின் இரத்தத்திலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். ஊரின் பெயரால் அது சந்திபுரா வைரஸ் எனப்பட்டது. சில ஆண்டுகளில் மராட்டியத்தில் பிடித்த மணல் ஈக்களிலும் அது காணப்பட்டது. அப்போது அதைப் பெருந்தீங்கு செய்வதாக எவரும் எண்ணவில்லை. 2003இல் ஆந்திரப் பிரதேசத்தில் மூளைக்காய்ச்சல் கண்ட 329 குழந்தைகளில் 183 பேர் இறந்தனர். காய்ச்சல், வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு என்று நோய் விரைந்து முற்றியது. இறந்தோர் பலர் இரண்டு நாட்களுக்குள் இறந்தனர். 2024இல் குஜராத்திலும் இராஜஸ்தானிலும் மொத்தம் 64 பேருக்கு இவ்வைரஸ் உறுதியாயிற்று.

லீஷ்மேனியா ஓர் ஈயின் வாழ்நாளில் இரு கடிகளை வேண்டுவது. பெற ஒன்று, கொடுக்க ஒன்று. சந்திபுரா வைரஸ் அவ்வாறு ஈயின் உணவை நம்பியிருக்கவில்லை. பிளெபாட்டமஸ் பபடாசி என்னும் ஈயில் நடத்திய சோதனைகளில், தாய் ஈயின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும், ஆணிடமிருந்து பெண்ணுக்கும் அது செல்வது தெரியவந்தது. இரத்தமே உண்ணாத ஆணும் இதில் பங்குகொள்கிறது என்பது வியப்பிற்குரியது.

ஊரில் மணல் ஈ உண்டா என்றறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஆமணக்கெண்ணெய் தடவிய காகிதங்களை மாலையில் சுவர் வெடிப்புகளின் அருகே நிறுத்திவைத்து, விடிந்தபின் கைவில்லையால் நோக்குக. பூச்சிமருந்து தெளிப்போர் படுக்கையறையோடு நின்றுவிடாமல் தொழுவத்தின் உட்சுவருக்கும் தெளித்தல் வேண்டும். சுவர் வெடிப்புகளை மண்ணோ சிமெண்டோ கொண்டு பூசுக. சாணக்குவியலை வீட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுக. சாதாரணக் கொசுவலையின் கண் வழியே மணல் ஈ நுழைந்துவிடும். மருந்தூட்டிய வலையோ நெருங்கிய கண்ணுடைய வலையோ தேவை. காய்ச்சலோடு குழந்தைக்கு வலிப்புக் கண்டால், இரத்தப் பரிசோதனையின் முடிவுக்காக ஊரிலேயே காத்திராமல், அந்த மணியிலேயே மருத்துவமனைக்கு அனுப்புக. இவ்வைரஸைக் கொல்லும் தனி மருந்து இல்லை. வலிப்பை அடக்குவதும் மூச்சைக் காப்பதும் மூளை வீக்கத்தைத் தணிப்பதுமே இன்றுள்ள மருத்துவம்.