பில் போட போன் நம்பர் எதற்கு?

கேள்வி: சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பில் போடும்போது வாங்கும் செல் நம்பருக்குத் தீபாவளி, பொங்கல் தள்ளுபடியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். புதுச் சட்டப்படி இது குற்றமா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: நம்பர் வாங்குவது தவறில்லை. பில்லுக்கு வாங்கியதைச் சொல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதுதான் தவறு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகர்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் அமலுக்கு வரும். சின்னக் கடை என்பதால் தானாக விலக்கு கிடைக்காது.

விளம்பரம் அனுப்பத் தனிச் சம்மதம் வாங்குங்கள். அறிவிப்பைத் தமிழிலேயே வைக்கலாம். ‘வேண்டாம்’ என்று சொல்வதும் சம்மதம் தந்த அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும். கல்லாவில் இருக்கும் கடன் நோட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதையே கம்ப்யூட்டரில் ஏற்றினால் பொருந்தும். சிறைத் தண்டனை இல்லை. ஆனால் பாதுகாப்பில் கோட்டை விட்டுத் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தவறின் தன்மையைப் பொறுத்துத் தொகை மாறும்.

விழுப்புரத்தில் ஒரு கடையில் பார்த்தேன். ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி நம்பரைச் சொல்ல, பில் போடும் பையன் அதை உரக்கத் திருப்பிச் சொன்னான். வரிசையில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது. சீர்திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள். நம்பர் தர விருப்பமில்லை என்பவருக்கும் பில்லைக் கொடுத்துவிடுங்கள். அவர் மறுபடி வருவார்.